அரசங்கன்றும் தரங்கம்பாடிக் கோட்டையும்

போன ஞாயிற்றுக்கிழமை பொறையாற்றில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஏறக்குறைய என் வயது. பேச்சு எப்படியோ தரங்கம்பாடிக் கோட்டைக்குப் போய்விட்டது. "வெள்ளைக்காரன் கட்டின கோட்டைக்கு எதுக்கு சார் நம்ம வரிப்பணம்? அந்தக் காசுல நாலு பள்ளிக்கூடத்துக்குக் கக்கூஸ் கட்டிக் கொடுக்கலாமே" என்றார். ரசம் வந்துவிட்டதால் அப்போதைக்கு விட்டுவிட்டேன். இப்போது எழுதுகிறேன். அவரும் இதைப் படிப்பவர்தான், கோபித்துக்கொள்ள மாட்டார்.

முதலில் அந்த 'வெள்ளைக்காரன் கோட்டை'. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் இடம் கொடுத்தார். ஆண்டுக்கு 3,111 ரூபாய் வாடகை பேசி, டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியானுக்குத் தங்கத் தகட்டில் கடிதமும் அனுப்பினார். அந்தத் தகடு இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. ஆக, டேனிஷ்காரர் நமக்குக் குடியிருந்தவர். 1845-ல் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டு அவர்கள் கப்பலேறியாயிற்று. பிறகு அது பயணியர் விடுதியாக இருந்தது. 1978 வாக்கில் மாநிலத் தொல்லியல் துறையிடம் வந்து அருங்காட்சியகம் ஆனது. கட்டினவன் யாராக இருந்தால் என்ன, பட்டா இப்போது நம் பெயரில். வீட்டுக்காரன் ஓடு மாற்றாமல் 'முன்னாடி குடியிருந்தவன் கட்டினது' என்று சொன்னால் மழை கேட்குமா?

அடுத்தது பணம். பள்ளிக்குக் கக்கூஸ் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் கோட்டைக்குச் செலவழிக்காவிட்டால் பணம் மிஞ்சும் என்று வாத்தியார் நினைக்கிறார் பாருங்கள், அங்கேதான் கணக்குத் தப்புகிறது.

அரசுக் கட்டடங்களைப் பராமரிக்கும் வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். ஊர் பெயர் வேண்டாம், நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு கட்டடம் என் பொறுப்பில் இருந்தது. கைப்பிடிச் சுவர் வெடிப்பில் காக்கை எச்சத்தில் விழுந்த ஓர் அரசங்கன்று. முதல் வருஷம் அதைக் காவல்காரர் இரண்டு விரலால் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. மூன்றாம் வருஷம் அரிவாளால் வெட்டினோம். தண்டு போயிற்று, வேர் உள்ளே நின்றது. அடுத்த மழைக்கு இரட்டையாகத் துளிர்த்தது. சாதாரணப் பராமரிப்புத் தலைப்பில் கேட்டால் மேலிடத்தில் "ஒரு செடிக்கா எஸ்டிமேட்?" என்று சிரித்தார்கள். பத்தாவது வருஷம் வேர் சுவரைப் பிளந்து தளத்துக்குள் இறங்கிவிட்டது. சுவரைப் பிரிக்காமல் வேரை எடுக்க முடியாது. அப்போது சிறப்பு நிதி, டெண்டர், சாரம், மார்ச் மாதத்துக்குள் முடிக்க அவசரம் எல்லாம் வந்தது. வேலை முடிந்ததும் விழாவும் உண்டு. பொன்னாடை எனக்கும் ஒன்று போட்டார்கள். செலவழிக்காமல் 'மிச்சம்' பிடித்த பணம் அப்படித்தான் போயிற்று.

தரங்கம்பாடியில் அரசங்கன்றோடு கடலும் இருக்கிறது. கடற்காற்றின் உப்பு செங்கலுக்குள் இறங்கும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும், அதனால் உப்பும் பூச்சோடு சேர்ந்து பொரிந்து உதிரும். உதிர்வது பூச்சுதான், செங்கல் இல்லை. சில வருஷத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசினால் போதும். அந்தச் சுண்ணாம்பை நீற்றி, புளிக்கவிட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைக்க ஆள் வேண்டும், பொறுமையும் வேண்டும். இதற்குச் சோம்பி சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நிற்கும். உப்பு செங்கலுக்குள் உறைந்து அதை மாவாக்கும். வெளியே சுவர் புதுமாப்பிள்ளை மாதிரி இருக்கும். தட்டிப் பார்த்தால் 'டொப்'பென்று சத்தம் வரும். எத்தனையோ பழைய கட்டடங்களில் தட்டிக் கேட்டிருக்கிறேன்.

ஆகவே என் சண்டை செலவு செய்வதோடு இல்லை. செலவு செய்யும் விதத்தோடுதான். எந்தப் பழைய கட்டடம் என்றாலும் வண்ண விளக்கு, நடைபாதைக் கல், செல்ஃபி எடுக்க ஒரு பலகை, கிரானைட்டில் பெயர்ப் பட்டியல். இவற்றுக்குக் கோப்பு ஓடும். மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயில் அடைத்த சருகை எடுக்க மட்டும் ஓடாது. அதைத் திறந்துவைக்க யாரும் வரமாட்டார்கள் அல்லவா?

2000-க்குப் பிறகு டென்மார்க்கிலிருந்து ஆட்கள் வந்து தரங்கம்பாடிக் கட்டடங்களைப் பழுதுபார்க்க உதவினார்கள். நல்ல காரியம். ஆனால் விற்றுவிட்டுப் போனவன் பேரன் வந்து சுண்ணாம்புக்குக் காசு கொடுக்கும்போது நமக்குக் கொஞ்சம் கூச வேண்டாமா?

'நம்முடையதற்கு மட்டும் செலவழிப்போம்' என்பவர்கள் கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயிலைப் பார்க்கட்டும். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது, டேனிஷ் கப்பல் வருவதற்கு முந்நூறு வருஷம் முன்னால். அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அது நம்முடையதுதானே? கடலுக்கு நாயக்கர், பாண்டியர், டேனிஷ்காரர் என்ற வித்தியாசம் கிடையாது.

என்னைக் கேட்டால் கோட்டைக்குக் கோடி வேண்டாம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இரண்டு பேர், சித்தாள் இரண்டு பேர், சுண்ணாம்பு நீற்ற ஒரு தொட்டி, ஓர் ஏணி. வருஷம் பூராவும் மாதச் சம்பளத்தில். ஐப்பசி மழைக்கு முன்னால் மாடியைச் சுத்தம் செய்யவேண்டும், தை மாதம் வெடிப்புகளை அடைக்கவேண்டும். கொத்தனார்கள் கூடவே இரண்டு பையன்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கவேண்டும். இப்போது கடுக்காய்ப் பதம் தெரிந்த கொத்தனாரைத் தேடிக் காரைக்குடிப் பக்கம் போகவேண்டியிருக்கிறது, அங்கேயும் வயதானவர்கள்தான்.

வாத்தியாருக்கு ஒரு வார்த்தை. மார்கழியில் ஒருநாள் வாருங்கள், பொறையாறு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். கோட்டை மேலே போய்க் கைப்பிடிச் சுவரைச் சுற்றி ஒரு நடை நடப்போம். கன்று ஏதாவது கண்ணில் பட்டால் அங்கே இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு நாமே பிடுங்கலாம்.