கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

“நம்ம பட்டாளத்த அனுப்பினா ரெண்டே நாள்ல முடிஞ்சிரும்வே!” உலகத்தில் எங்கே சண்டை என்றாலும் வடசேரி டீக்கடையில் ஓர் அண்ணாச்சி இப்படிக் கிளம்பிவிடுவார்.

முடிந்ததும் உண்டு. 1988 நவம்பரில் மாலத்தீவு அதிபர் கயூம் கூப்பிட்டார். நம் பாராசூட் வீரர்கள் ஒரே ராத்திரியில் மாலேயை மீட்டார்கள். வேலை ஒன்றே ஒன்று: அதிபரைக் காப்பாற்றுவது.

இலங்கை? 1987 ஜூலையில் ஆயுதங்களை வாங்கி வைக்கப் போன அமைதிப்படை, அக்டோபரில் புலிகளோடு மோதியது. அந்தச் சண்டையில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே டாக்டர்களும் நோயாளிகளும் செத்தார்கள். கடைசியில் இலங்கை அதிபர் பிரேமதாசாவே ‘இடத்தைக் காலி பண்ணுங்கள்’ என்றார். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது கணக்கில் சுமார் 1,200 ஜவான்கள் குறைந்தார்கள்.

அண்ணாச்சி, கன்னியாகுமரிக்குக் கல்யாணத்துக்குப் போனாலே, திரும்பி வர கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டுட்டுத்தானே ஏறுவீரு? பட்டாளத்தை அனுப்பும்போது மட்டும் ஏன்வே கேட்கிறதில்லை?