மரத்தை டன் கணக்கில் மட்டும் விற்காதீர்கள்!

மலை வேம்பு, குமிழ், பெருமரம் என்று தோட்டத்தில் மரம் வளர்க்கிறீர்களா? வியாபாரி வருகிறார், சுற்றளவைப் பார்க்கிறார், வெட்டுக்கூலியைக் கழித்துக்கொண்டு டன்னுக்கு இவ்வளவு என்கிறார். உள்ளே மரத்தின் தரம் என்ன என்று அவர் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. மரத்தின் மதிப்பு எங்கே கூடுகிறது என்று தெரிய, ஒரு சின்னப் பொருளைப் பாருங்கள்: டேபிள் டென்னிஸ் மட்டை.

ரப்பருக்கு அடியில் இருக்கும் பலகை சுமார் 6 மில்லிமீட்டர் தடிமன். எடை 85, 90 கிராம். சர்வதேச விதிப்படி அதன் தடிமனில் குறைந்தது 85 சதவீதம் இயற்கை மரமாக இருக்க வேண்டும். கார்பன் இழை சேர்த்தாலும் இந்த விதி மாறாது. நடு அடுக்குக்கு எடை குறைந்த மரம் தேவை. ஆப்பிரிக்காவின் அயூஸ், 'கிரி' எனப்படும் பாலோனியா, ஈக்வடாரின் பால்சா ஆகியவை அதற்குப் பயன்படுகின்றன. வீட்டிலேயே மட்டை செய்பவர்கள் தேடுவது அரை அடி அகலத் துண்டுதான். ஆனால் அது கணு இல்லாமல், நேரான இழையோடு, நன்கு காய்ந்து, சீரான எடையில் இருக்க வேண்டும்.

அப்படியானால் பால்சாவும் பாலோனியாவும் நடலாமா? கூடாது என்பேன். மட்டைச் சந்தை ஏக்கர் கணக்கில் மரம் கேட்பதல்ல. ஒரே தேவையை நம்பி நட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஈக்வடாரே சாட்சி. காற்றாலை இறக்கைக்குள் பால்சா வைப்பார்கள். 2020ல் சீனாவில் காற்றாலைகளை அவசரமாக நிறுவியபோது பால்சா விலை எகிறியது. அமேசான் ஆற்றங்கரைகளில் திருட்டுத்தனமாகவும் வெட்டினார்கள். விலையை நம்பி விவசாயிகள் புதிதாக நட்டார்கள். இறக்கை செய்பவர்கள் பிளாஸ்டிக் நுரைக்கு மாறியதும் தேவை சரிந்தது. மரம் வளர ஆண்டுகள் ஆகும். வாங்குபவர் மனம் மாற அவ்வளவு நாள் ஆகாது.

சீனாவின் ஹெனான் மாகாணத்து லங்காவ் பகுதியின் கதை வேறு. 1960களில் மணற்காற்றைத் தடுக்க அங்கே பாலோனியா நட்டார்கள். அந்த மரம் இசைக்கருவிகளின் ஒலிப்பலகைக்கு ஏற்றது என்று பிறகுதான் தெரிந்தது. இன்று அங்குள்ள கிராமத்துப் பட்டறைகளிலேயே நரம்பிசைக் கருவிகள் உருவாகின்றன. அங்கே கட்டையாக விற்ற மரம் ஊருக்குள்ளேயே பொருளாக மாறியது. நாம் பின்பற்ற வேண்டியது இந்த வழியைத்தான். அதற்கு வெளிநாட்டு மரம் தேவையில்லை.

முதலில் கவாத்து. மலை வேம்பில் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் பக்கக்கிளைகளை இளசாக இருக்கும்போதே நீக்குங்கள். கிளை தடித்த பிறகு வெட்டினால் உள்ளே கணு தங்கிவிடும்.

அடுத்தது உலர்த்துதல். அறுத்த பலகைகளை வெயிலில் போடாதீர்கள், வெடித்துவிடும். நிழலில், அடுக்குக்கு அடுக்கு ஒரே அளவுக் குச்சிகளை வைத்து, காற்றுப் புகும்படி அடுக்குங்கள். பலகையின் இரு முனைகளிலும் பெயின்ட் பூசினால் வெடிப்பு குறையும்.

"ப்ளைவுட் ஆலை மொத்தமாக எடுத்துக்கொள்கிறது, இந்த வேலையெல்லாம் எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். பணம் உடனே வருகிறது; உலர்த்தினால் காத்திருக்க வேண்டும். அதனால் முழுத் தோப்பையும் நிறுத்தி வைக்கச் சொல்லவில்லை. பெரும்பகுதி ஆலைக்கே போகட்டும். அடிமரத்தில் நேராக, கணுவில்லாமல் இருக்கும் சில கட்டைகளை மட்டும் ஒதுக்குங்கள். விளையாட்டுப் பொருள், பொம்மை, பெட்டி செய்பவர்களிடம் மாதிரி காட்டி விலை கேளுங்கள். வெட்டும் முன், எடுத்துச் செல்ல அனுமதி வேண்டுமா என்று வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுவை இயந்திரம், உலர்த்தும் கொட்டகை, ஈரப்பதம் பார்க்கும் கருவி ஆகியவற்றைத் தனி விவசாயி வாங்க முடியாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தால் முடியும். விரிவாக்க அலுவலர்களும் எத்தனை கன்று கொடுத்தோம் என்ற கணக்கோடு நிற்கக் கூடாது. கவாத்துப் பயிற்சி எத்தனை பேருக்குக் கொடுத்தோம், எத்தனை பேர் தரம் பிரித்து விற்றார்கள் என்றும் கணக்கு வைக்க வேண்டும்.

அடுத்த முறை வியாபாரி தோட்டத்துக்கு வந்தால், டன் விலையைக் கேட்கும் முன் நல்ல கட்டைகளில் சுண்ணாம்பால் குறி போட்டு வையுங்கள். அவற்றுக்குத் தனி விலை கேளுங்கள்.