வாள் வீரர் என்ன சொல்கிறார்?

மாணவ நண்பர்களே, கைபேசித் திரையில் இந்தச் சிறு படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: வெள்ளை உடை, முகத்தை மூடிய கவசம், கையில் மெல்லிய வாள். வாள்வீச்சு வீரர் எமோஜி என்பது இதுதான். இதன் பொருள் என்ன என்று கேட்டால், "வாள்வீச்சு விளையாட்டு, இதிலென்ன சந்தேகம்?" என்பீர்கள். சற்றுப் பொறுங்கள். விடை அத்தனை எளிதன்று.

இந்தக் குறியை அனுப்பும்போது உங்கள் கைபேசியிலிருந்து புறப்படுவது எது? படமா? இல்லை, ஓர் எண் மட்டுமே. யூனிகோடு என்னும் உலகப் பொதுப் பட்டியலில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. நம் 'அ'வின் எண் 2949. 2016-இல் வெளியான யூனிகோடு 9-ஆம் பதிப்பில் இடம்பெற்ற வாள் வீரரின் எண் 1,29,338. ஜப்பானிய மொழியில் 'எ' என்றால் படம், 'மோஜி' என்றால் எழுத்து. ஆகவே படமும் இங்கே ஓர் எழுத்தாகவே நடத்தப்படுகிறது. பெறும் கைபேசி அந்த எண்ணைப் பார்த்து, தன்னிடமுள்ள படத்தை எடுத்துக் காட்டுகிறது. ஆப்பிள் வரைந்த வீரர் வேறு. கூகுள் வரைந்த வீரர் வேறு. படம் இல்லாத பழைய கைபேசியில் வெறும் கட்டம்தான் தெரியும்.

படம் மாறினால் என்ன நட்டம்? கைத்துப்பாக்கி எமோஜியை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-இல் ஆப்பிள் நிறுவனம் அதை நீர்த்துப்பாக்கியாக மாற்றியது. மற்றப் பெரிய நிறுவனங்கள் பலவும் 2018-இல்தான் மாற்றின. இடைப்பட்ட காலத்தில், ஒருவர் விளையாட்டாக அனுப்பிய நீர்த்துப்பாக்கி இன்னொருவர் திரையில் உண்மைத் துப்பாக்கியாகத் தோன்றும் நிலை இருந்தது. எண் ஒன்று, செய்தி இரண்டு!

சரி, படம் மாறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் சிக்கல் தீராது. யூனிகோடு வாள் வீரருக்குத் தந்தது எண்ணும் பெயரும் மட்டுமே. பொருளைத் தருபவர்கள் நாம். சென்னையைச் சேர்ந்த பவானி தேவி, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் களமிறங்கி, ஒலிம்பிக் வாள்வீச்சில் பங்கேற்ற முதல் இந்தியர் ஆனார். அந்தச் செய்தியின் அருகில் இக்குறி வந்தால் விளையாட்டையே குறிக்கும். ஒரு விவாதத்தின் நடுவே வந்தால், "வா, வாதிட்டுப் பார்ப்போம்" என்று பொருள்படும். மூன்று வீரர்களை வரிசையாக நிறுத்தி, "கிட்டே வராதே, ஓடிப் போ" என்று கேலி செய்பவர்களும் உண்டு.

நேற்று உங்களோடு சண்டையிட்ட தோழனுக்கு இன்று இக்குறியை மட்டும் அனுப்புகிறீர்கள். அவன் எதை எடுத்துக்கொள்வான்? கேலியா, சவாலா, "இனி உன் நட்பே வேண்டாம்" என்பதா? நேரில் பேசினால் குரலும் புன்னகையும் காட்டிக் கொடுத்துவிடும். இங்கே குரலும் இல்லை. அந்த வீரரின் முகமோ மூடியிருக்கிறது!

இயற்பியலில் இந்தத் தொல்லை நமக்குப் புதிதன்று. 'டி' என்ற பெரிய எழுத்து ஒரு கணக்கில் வெப்பநிலை, இன்னொன்றில் அலைவு நேரம், மற்றொன்றில் கயிற்றின் இழுவிசை. ஆனாலும் நாம் குழம்புவதில்லை. ஏன்? கணக்கின் தொடக்கத்திலேயே, 'இங்கு டி என்பது இழுவிசை' என்று எழுதிவிடுகிறோம். குறியீடு இன்றி அறிவியல் இல்லை. வரையறை இன்றிக் குறியீடு இல்லை.

ஆகவே, எமோஜியையே ஒழிக்க வேண்டும் என்று சொல்லும் பெரியவர்களோடு நான் உடன்படவில்லை. ஒரு குறியால் ஒரு வரியைச் சுருக்க முடிந்தால் நல்லதே. ஆனால் மன்னிப்பு, துக்கம், மனத்தாங்கல் ஆகிய இடங்களில் சொல்லையே முதலில் வையுங்கள். குறி அதன் பின்னே வரட்டும். புரியாத குறி உங்களுக்கு வந்தால், கோபப்படும் முன் "என்ன சொல்ல வருகிறாய்?" என்று ஒரு வரி கேளுங்கள்.

வாள்வீச்சுப் போட்டி தொடங்கும் முன் வீரர்கள் கவசத்தைக் கழற்றி, முகம் காட்டி, எதிராளிக்கு வாளால் வணக்கம் செலுத்த வேண்டும் என்பது விதி. நம் கைபேசி வீரரால் அது முடியாது. அவருக்காக அந்த வணக்கத்தை நாம்தான் சொல்லில் எழுத வேண்டும்.