ஓடுகிற வண்டியைத் தள்ளிவிடச் சொல்லும் கணக்கு

பழைய கார் வைத்திருப்பவருக்கு யோசனை சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. மெக்கானிக் 60 ஆயிரம் ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டிய அன்று மாமா, மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே சொல்வார்கள்: “வண்டியே ஒண்ணேகால் லட்சத்துக்குத்தான் போகும். அதுல பாதிய ரிப்பேருக்குக் கொட்டுவாங்களா? தள்ளிவிட்டுட்டு புதுசு எடு.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் இத்தனை பேர் நல்ல வண்டியை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு ஐந்தாண்டுத் தவணையில் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

கணக்கே கோணல். பழைய வண்டி என்ன விலைக்குப் போகும் என்பதற்கும் ரிப்பேர் செலவுக்கும் சம்பந்தமில்லை. அதை விற்றால் அதன் இடத்தில் வந்து நிற்கும் வண்டிக்கு என்ன ஆகும் என்பதுதான் பார்க்க வேண்டியது. 7 லட்ச ரூபாய்க் கார் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி அதற்கு ஆயுட்கால வரி 13 சதவீதம், 91,000 ரூபாய். 60 ஆயிரம் எஸ்டிமேட்டைப் பார்த்து மிரண்டவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே அதைவிட அதிகம் கட்டிவிடுகிறார். கையிருப்பு போக 6 லட்சத்தை 9 சதவீத வட்டிக்கு ஐந்தாண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 12,455 ரூபாய். வட்டி மட்டும் ஏறத்தாழ 1.47 லட்சம். வண்டிக்கு ஒரு வயது தாண்டியதும் காப்பீட்டு மதிப்பில் 20 சதவீதத்தைக் கழித்துவிடுவார்கள். 7 லட்சத்தில் 1.4 லட்சம் காலி. வண்டி ஊரெல்லாம் சுற்றியதா, ஷெட்டிலேயே நின்றதா என்று யாரும் கேட்பதில்லை.

“இந்த வருஷம் 60 கேட்டது அடுத்த வருஷமும் கேட்குமே?” கேட்கலாம். அந்த 60 எதற்கு என்பதைப் பொறுத்தது அது. கிளட்ச் செட், ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் புஷ், ரேடியேட்டர் எல்லாம் தேய்ந்துபோகும் சாமான்கள். ஒருமுறை ஒழுங்காக மாற்றினால் சில வருஷங்களுக்கு அந்தப் பேச்சே வராது. டைமிங் பெல்ட்டும் அப்படித்தான். அதை மாற்றாமல் இழுத்தடித்து ஓடும்போது அறுந்தால், பல இன்ஜின்களில் வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும். சிறு செலவு இன்ஜின் வேலையில் போய் முடியும். அப்போதும் பழி வண்டியின் வயதின் மேல்தான் விழுகிறது.

விலை குறைந்தால் வண்டி கெட்டுவிட்டது என்று எப்படித்தான் நம்புகிறார்களோ. டெல்லியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் கார்கள் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தபின், நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் அங்கே அடிமாட்டு விலைக்குப் போயின. இலங்கையில் நேர்மாறு. 2020இல் வாகன இறக்குமதியை அரசு நிறுத்தியதும் பழைய கார்களின் விலை எகிறியது. வாங்கிய விலையைவிட அதிகத்துக்கு விற்றவர்களும் உண்டு. இரண்டு இடத்திலும் இன்ஜினுக்குள் எதுவும் மாறவில்லை. டெல்லி விதி தமிழ்நாட்டுக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கே 15 ஆண்டு முடிந்த சொந்தக் காரை எஃப்.சி. காட்டி ஆர்.சி.யை ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம்.

அப்படியானால் எந்தக் காரையும் விற்கவே கூடாதா? விற்க வேண்டிய கார்கள் இருக்கின்றன. அவற்றைக் காட்டிக்கொடுப்பது துரு. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் மிதியடியைத் தூக்கி, தரைத் தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். பானட்டைத் திறந்தால் ஷாக் அப்சார்பரின் தலை வந்து பொருந்தும் இடம் தெரியும். அங்கே தகடு பொருக்குத் தட்டியிருந்தால் டிங்கர் ஒட்டுப்போட்டு, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்துத் தருவதை நம்பிக் குடும்பத்தை ஏற்றக் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ டேஷ்போர்டு வரை தண்ணீரில் நின்ற வண்டியும் இந்த ரகம். வயரிங் கனெக்டர்களில் பச்சை பூத்துக்கொண்டே இருக்கும். இன்று ஜன்னல் ஏறாது, நாளை ஸ்டார்ட் ஆகாது. இதில் போடும் காசுக்கு முடிவே கிடையாது.

இன்ஜினைப் பற்றிய பயம்தான் பெரும்பாலும் மிகை. ஆயில் ஊற்றும் மூடியின் அடியிலும் டிப் ஸ்டிக்கிலும் பால் காப்பி நிறத்தில் பிசுக்கு இருந்தால் ஆயிலோடு தண்ணீர் கலக்கிறது என்று பொருள். பெரும்பாலும் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். ஹெட்டைக் கழற்றி, லேத்துக்கு அனுப்பிச் சமன்செய்து மாட்டினால் அநேகமாகச் சரியாகிவிடும். நீலப் புகை விட்டு ஆயில் குடித்தால் கம்ப்ரஷன் சோதித்த பிறகே முடிவெடுக்க வேண்டும். சோதிக்காமலே “இன்ஜின் போச்சு சார்” என்பவரிடம் வண்டியை விடாமலிருப்பது நல்லது.

பழைய காரை மாற்றுவதற்கு மறுக்க முடியாத காரணம் ஒன்று உண்டு. யோசனைக்காரர்கள் அதைத்தான் சொல்வதே இல்லை. எல்லாப் புதிய கார்களிலும் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரலில். ஓட்டுநர் பக்க ஏர்பேக் அதே ஆண்டு ஜூலையில். அதற்கு முந்தைய விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் இரண்டுமே இல்லை. தினமும் நெடுஞ்சாலையில் பிள்ளைகளோடு போகிறவர் இதற்காகக் காரை மாற்றினால் யாரும் குறை சொல்ல முடியாது. அவரும் எஸ்டிமேட் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தள்ளிவிட்ட அந்த ஒண்ணேகால் லட்ச ரூபாய் வண்டி நேராகக் காயலான் கடைக்கா போகிறது? கன்சல்டிங்காரர் வாங்குகிறார். புதுப்பேட்டையில் சாமான் பிடித்து, தெரிந்த பட்டறையில் விட்டு, பழைய ஓனர் “இதுக்கா இவ்வளவு” என்று மறுத்த அதே வேலையை அதைவிடக் குறைந்த செலவில் முடிக்கிறார். அப்புறம் பாலிஷ் போட்டு, லாபம் வைத்து, இன்னொரு குடும்பத்துக்கு விற்கிறார். அந்தக் குடும்பத்துக்கும் ஒரு மாமா இருப்பார்.