புகைபோக்கிக்கு மீட்டர் உண்டு, மூக்குக்கு?



அரியலூர்ப் பக்கம் பேருந்தில் போகிறவர்கள் சிமெண்ட் ஆலையைக் கடக்கும்போது அண்ணாந்து பார்ப்பது புகைபோக்கியைத்தான். புகை வந்தால் திட்டுவோம். வராவிட்டால் பரவாயில்லையே என்போம். சட்டத்தின் கண்ணும் அங்கேதான். எவ்வளவு தூசு வெளியேறுகிறது என்பதைப் புகைபோக்கியில் பொருத்திய கருவி இரவு பகலாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன்.

என் கவலை மதிலுக்கு உள்ளே. கல்லை உடைக்கும் கிரஷர், சூளையில் சுட்டெடுத்த கிளிங்கர் கட்டிகளை அரைக்கும் மில், பெல்ட் மாறுகிற இடங்கள் என்று தூசு கிளம்ப அங்கே வழி பல. ஆளை நேராகத் தாக்குவது பேக்கிங்கும் லோடிங்கும். 50 கிலோ நிரம்பிய மூட்டை குழாயிலிருந்து விடுபடும் நொடியில் அதன் வாயிலிருந்து குப்பென்று தூசு கிளம்பும். பெல்ட்டில் விழும்போது ஒரு தரம், லாரியில் அடுக்கும்போது இன்னொரு தரம். லோடு ஏற்றுகிறவருக்குக் கண்ணிமை வரை சாம்பல் பூத்திருக்கும். கழுத்து மடிப்பில் வியர்வையோடு சேர்ந்த சிமெண்ட் சுண்ணாம்பு மாதிரி அரிக்கும். மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு.

நுரையீரலின் அடி வரை போகிற துகள் நான்கைந்து மைக்ரான்தான்; தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. துண்டின் நெசவு அதற்கு ஒரு தடையே அல்ல. வெல்லம் தின்றால் தூசு இறங்கிவிடும் என்ற நம்பிக்கை வேறு. வெல்லம் போவது இரைப்பைக்கு, தூசு போவது நுரையீரலுக்கு. இரண்டும் எங்கே சந்திக்கப்போகின்றன?

தொழிற்சாலைகள் சட்டத்தை 1987-ல் திருத்தியபோது, வேலையிடக் காற்றில் சிமெண்ட் தூசு கனமீட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று எல்லை வைத்தார்கள். உழைக்கிற ஒருவர் எட்டு மணி நேரத்தில் இழுக்கும் காற்று சுமார் 10 கனமீட்டர். அப்படியானால் எல்லையைத் தொட்டு நின்றாலே ஷிப்டுக்கு 100 மில்லிகிராம்! அதுவும் குவார்ட்ஸ் 1 சதவீதத்துக்குக் குறைவான தூசுக்கு வைத்த எல்லை. களிமண்ணும் கல்லும் அரைபடும் இடத்தில் குவார்ட்ஸ் கூடலாம். சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வருவது குவார்ட்ஸ் தூசால்தான். வந்தபின் குணமாக்க மருந்தில்லை.

அளப்பது பெரிய வித்தை அல்ல. தொழிலாளியின் இடுப்பில் சிறு பம்ப், சட்டைக் காலரில் வடிதாள் வைத்த டப்பா. ஷிப்ட் முழுக்க அவர் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். முடிந்ததும் வடிதாளை நிறுத்துப் பார்த்தால் அவர் மூக்கருகே மிதந்த தூசின் கணக்கு வந்துவிடும். அந்த டப்பா முதலில் ஏற வேண்டியது காண்ட்ராக்ட் லோடுமேனின் காலரில். ஆலையின் சம்பளப் பட்டியலில் அவர் பெயர் இல்லை என்பதற்காகத் தூசு அவரை விட்டுவைப்பதில்லை.

மாஸ்க் கடைசித் தற்காப்பு. மூட்டையின் வாயருகே தூசை உறிஞ்சும் குழாயும், கிழிந்த பையை உடனே மாற்றிய பேக் ஃபில்டரும், மூடிய பெல்ட்டும்தான் முதலில் வேண்டும். சட்டையில் படிந்ததை ஏர் ஹோஸால் ஊதித் தள்ளும் பழக்கத்தையோ காசு செலவில்லாமல் இன்றைக்கே நிறுத்தலாம்.

சிமெண்ட் ஆலையில் வேலை செய்கிறவர்களும் அவர்கள் வீட்டாரும் இந்தப் பக்கத்தைப் படிப்பீர்கள். உங்கள் ஆலையில் கடைசியாக யார் காலரில் அளந்தார்கள், முடிவை அவரிடம் சொன்னார்களா என்று எங்களுக்கு எழுதுங்கள். பெயரை வெளியிட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்