வேலியில் காய்ந்த பீர்க்கங்காயும் ரேஷன் கடைப் பாமாயிலும்



நம்முடைய கோரிக்கைகளைக் கடைசியில் வரிசையாகப் போட்டிருக்கிறேன். அதற்கு முன்னால் எங்கள் வீட்டுக் கொல்லையில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சின்ன விஷயம்தான். ஆனால் நம்ம போராட்டமே அதில் அடங்கியிருக்கு.

எனக்குக் காவிரிக்கரையில் ஒண்ணேகால் ஏக்கர் பூவன் வாழை. வீட்டுக்குப் பின்னால் நாலு சென்ட் கொல்லை. கொல்லை எப்படிப்பட்டதுன்னு உங்களுக்குத் தெரியாததா? நாம விதைச்சது பாதி, தானா வந்தது பாதி. குப்பைக்குழியில் பூசணி முளைக்கும். காக்கா போட்ட எச்சத்தில் பப்பாளி எழும்பும். மணத்தக்காளியை யாரும் நட்டதே கிடையாது.

தை பிறந்த கையோடு வேலியைச் சுத்தம் பண்ணினேன். முருங்கைக்கு மேலே ஏறிப்போன பீர்க்கங்கொடியில், இலை மறைவில் நாங்கள் பறிக்காமல் விட்ட ஆறு காய் சருகாகக் காய்ந்து தொங்கியது. முற்றல்தானே என்று குப்பையில் வீசப் போனேன். வீட்டில் தடுத்தார்கள். "என்னங்க, தூக்கிப் போடாதீங்க. எங்கம்மா காலத்துல இதுலதான் முதுகு தேய்ப்போம், பாத்திரம் விளக்குவோம்" என்று வாங்கி, மேல்தோலை உரித்துத் தட்டினார்கள். கை நிறைய கறுப்பு விதை கொட்டியது. உள்ளே வெள்ளையாகப் பீர்க்கங்கூடு. ஆறு கூடு, ஒரு வருஷத்துக்குத் தாங்கும்.

அடுத்த வாரம் சங்க வேலையாகத் திருச்சிக்குப் போனபோது மலைக்கோட்டைப் பக்கம் ஒரு பெரிய கடைக்குள் நுழைந்தேன். அதே பீர்க்கங்கூடு! கண்ணாடித்தாளில் சுற்றி, நாடா கட்டி, நூறு ரூபாய்க்கு மேல் விலை போட்டு மாட்டியிருந்தது. திருப்பிப் பார்த்தால் தயாரான நாடு என்ற இடத்தில் வெளிநாட்டுப் பெயர். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள். மார்க்கெட்டுக்கு மூட்டை கொண்டுபோனால் "முத்தலு" என்று நம்மிடம் கழித்துக் கட்டுகிற காய் அது. அதே முற்றல், கப்பல் ஏறி வந்தால் நூறு ரூபாய்ச் சரக்கு. நம்ம கொல்லையில் இருப்பது நமக்குத் தெரியவில்லை, தெரிந்தவன் விற்கிறான்.

இது பீர்க்கங்காயோடு நிற்கிற சங்கதி இல்லை. போன முறை ஆட்சியர் அலுவலகம் முன்னால் ஆர்ப்பாட்டத்தில் உட்கார்ந்திருந்தோம். முசிறிப் பக்கம் கோரை போடுகிற தம்பி ஒருத்தர் என் காதோரம் வந்து கேட்டார்: "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இறக்குமதியத் தடுன்னு கோஷம் போடுறோம். நாம உக்காந்திருக்கிற பாயப் பாத்தீங்களா?"

பார்த்தேன். பிளாஸ்டிக் பாய். சங்கக் காசில் நான் வாங்கியதுதான். மத்தியானம் வந்த எலுமிச்சை சாதம் பாமாயிலில் தாளித்தது. என் தோளில் கிடந்த பச்சைத் துண்டு பாலியஸ்டர். உறையூரிலும் மணமேட்டிலும் கைத்தறி இருக்க, விவசாயி அடையாளம் என்று மில் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அந்தத் தம்பிக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கோரை என்ன சாதாரணப் பயிரா? திருச்சி, கரூர், நாமக்கல் மாவட்டங்களில் காவிரிக்கரை ஓரம் விளைகிறது. ஒரு தடவை நட்டால் பல வருஷத்துக்கு அறுக்க அறுக்கத் துளிர்க்கும். அறுக்க ஆள், கிழிக்க ஆள், காயப்போட ஆள், நெய்ய ஆள் என்று ஒரு பாய்க்குப் பின்னால் எத்தனை வீட்டு அடுப்பு எரிகிறது! பிளாஸ்டிக் பாய் நம்ம நாட்டிலேயே தயாராவதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் காசில் ஒரு பைசா கோரை வயலுக்கு வராது.

எண்ணெய்க் கதை இதைவிட மோசம். 1986-ல் மத்திய அரசு எண்ணெய் வித்துக்களுக்கென்று தனி இயக்கம் தொடங்கியது. விவசாயி உழைத்தான். 1990-களின் தொடக்கத்தில் நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் 100-க்கு 95 பங்குக்கு மேல் நாமே விளைவித்தோம். பிறகு 1994, 1995-ல் இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். 2001 ஏப்ரல் 1-ல் உலக வர்த்தக ஒப்பந்தத்தின் பேரில் மீதியிருந்த 715 வகைப் பொருட்களுக்கும் அளவுக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். இன்றைக்கு நாம் சாப்பிடும் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அதில் பெரும்பங்கு இந்தோனேசியா, மலேசியா பாமாயில்.

2024 செப்டம்பரில் சுத்திகரிக்காத சமையல் எண்ணெய்க்கு 20 சதவீத அடிப்படை வரி போட்டார்கள். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் 2025 மே மாதக் கடைசியில் அதைப் பாதியாக்கி 10 சதவீதம் என்றார்கள். துறையூர், மணப்பாறைப் பக்கம் மானாவாரியில் கடலை போடுகிறவன், லால்குடிப் பக்கம் நெல் அறுத்த வயலில் எள் விதைக்கிறவன், தோப்பில் தேங்காய் குவித்து வைத்திருக்கிறவன், இவர்கள் எந்த விலையை நம்பி அடுத்த பட்டம் போடுவது?

இதைக் கூட்டத்தில் பேசியபோது ஒரு அக்கா எழுந்து நேராகவே கேட்டார்: "செயலாளரே, நல்லாத்தான் பேசுறீங்க. கூலிக்குப் போற எங்களுக்கு ரேஷன்ல லிட்டர் 25 ரூவா பாமாயில்தான் கட்டும். கடலெண்ணெய்க்கு நான் எங்க போவேன்?"

அந்த அக்கா கேட்டது நியாயம். பாமாயில் வாங்குகிற ஏழை மேல் நமக்கு ஒரு கோபமும் இல்லை. 25 ரூபாய் என்பது அந்த எண்ணெயின் அடக்க விலை இல்லை. மீதியை அரசு நம்ம வரிப்பணத்திலிருந்து கட்டுகிறது. அந்த மானியம் கடல் தாண்டிய தோட்டத்துக்குப் போக வேண்டுமா, நம்ம கடலைக் காட்டுக்கும் தென்னந்தோப்புக்கும் வர வேண்டுமா என்பதுதான் கேள்வி. மானியத்தை நம்ம பக்கம் திருப்பிவிட்டால் அக்காவுக்கும் நல்ல எண்ணெய், விவசாயிக்கும் விலை. "நம்ம பொருளை வாங்கு" என்று ஏழைக்குப் புத்தி சொல்வது சுலபம். வாங்குகிற விலைக்கு அதைக் கொடு என்று அரசைக் கேட்பதுதான் சங்கத்தின் வேலை.

இது புதுப் போராட்டமும் இல்லை. வீட்டுச் சாமான் ஒன்றை நாமே எடுத்துக்கொள்வோம் என்று சொல்லித்தான் 1930 ஏப்ரல் 13-ல் இதே திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். ஸ்ரீரங்கத்தில் பிறந்த டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்துதான் கிளம்பினார்கள். எதற்கு? உப்புக்கு! நடப்பவர்களுக்குச் சோறு போட்டால் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் உத்தரவு போட்டார். நம்ம கிராமத்து ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்று மூட்டையை வழியில் மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் போட்டது என்று எவனுக்கும் தெரியாது, நடந்தவன் பசியாறினான். ஒரு பிடி உப்புக்கு அன்று அப்படி நின்றார்கள். எண்ணெய்க்கும் பாய்க்கும் துண்டுக்கும் இன்று நாம் நிற்கக் கூடாதா?

ஆகவே கேட்கிறோம்:

ரேஷன் கடைகளில் கடலெண்ணெய், தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் மானிய விலையில் வழங்கு! கடலையையும் கொப்பரையையும் எள்ளையும் விவசாயியிடம் நேரடியாகக் கொள்முதல் செய்!

குறைத்த சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை மீண்டும் உயர்த்து! அறுவடை நேரத்தில் வரியைக் குறைக்காதே!

அரசு விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் கோரைப் பாய், கைத்தறித் துணி வாங்கு!

வாழை நார், கோரை, பீர்க்கங்கூடு வேலைக்கு மகளிர் குழுக்களுக்குக் கொட்டகையும் கடனும் கொடு! தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நம்ம திருச்சியில், வெட்டிய வாழைமரமோ குப்பைமேட்டில் என்ற நிலையை மாற்று!

நம் பங்குக்கு நாமும் ஒன்று செய்வோம். கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். இறக்குமதிப் பொருளாக இருந்தால் எந்த நாட்டுச் சரக்கு என்று அச்சடிக்க வேண்டும், அது சட்டம். நம்ம ஊர்ச் சரக்கு கட்டுப்படியாகிற இடத்தில் அதை வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம், பாயில் ஆரம்பிப்போம்.

வரப்போகும் ஆர்ப்பாட்டத்துக்குச் சங்கம் கோரைப் பாய் விரிக்கும். அந்த முசிறித் தம்பியிடமே சொல்லிவிட்டேன். சாப்பாடு நல்லெண்ணெயில் கிளறிய புளிச்சோறு, வாழை இலையில். நீங்கள் தறித் துண்டு போட்டுக்கொண்டு வாருங்கள். நான் பீர்க்கன் விதை கொண்டுவருகிறேன். ஆளுக்கு நாலு வாங்கிப் போய் ஆடிப் பட்டத்தில் வேலியோரம் ஊன்றுங்கள். அடுத்த தையில் இலை மறைவில் என்ன தொங்குகிறது என்று தேடிப் பாருங்கள்!

குடும்பத்தோடு வாரீர்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
சங்கச் செயலாளர்