அம்பத்தூரில் கட்டிய ஊஞ்சல்

ஜூன் மாதத்தின் நடுவில், நம் கணக்கில் ஆனி பிறப்பதையொட்டி, ஒடிசாவில் மூன்று நாட்களுக்கு ஏர் பூட்டமாட்டார்கள், மண்ணைத் தோண்டமாட்டார்கள். நிலமகள் விலக்காகியிருக்கிறாள், மழைக்குமுன் அவளுக்கு ஓய்வு தேவை என்பது நம்பிக்கை. பண்டிகையின் பெயர் ரஜ. அவர்கள் நாவில் 'ரொஜொ'. ரஜஸ்வலை என்ற சொல்லை அறிந்தவர்களுக்குப் பெயர்க்காரணம் சொல்லவேண்டியதில்லை. பெண்களுக்கும் அந்நாட்களில் வேலை கிடையாது. புத்தாடை, காலில் செம்பஞ்சுக் குழம்பு, மரக்கிளையில் ஊஞ்சல். நான்காம் நாள் அம்மிக்கல்லைப் பூமியாகப் பாவித்து மஞ்சள் நீராட்டுகிறார்கள். நம் வீடுகளில் பெண்ணைக் கொல்லைப்புறத்துக்கு ஒதுக்கிவைக்கக் காரணமாயிருந்த ஒன்று, அங்கே ஊஞ்சலுக்குக் காரணமாகியிருக்கிறது. (அங்கும் வீட்டுவிலக்கு உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. மனிதர்கள் எங்கும் பூமிக்குக் கொடுக்கும் மரியாதையை மனைவிக்குக் கொடுப்பதில்லை.)

நாங்கள் ரஜவைக் கண்டது மண்ணூர்பேட்டையில், எட்டு ஒடியத் தொழிலாளர்கள் பகிர்ந்து வாழும் ஓர் அறையின் மொட்டைமாடியில். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியைச் சேர்ந்த நாங்கள் மாதம் ஒருமுறை கூடி நூல்களைப் பற்றிப் பேசுகிறவர்கள். எங்களில் ஒருவர் தொழிற்பேட்டையில் பணிபுரிவதால் வந்த அழைப்பு அது. தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் கயிறு கட்டி, பொட்டலப் பெட்டியிலிருந்து பெயர்த்த பலகையை இருக்கையாக்கியிருந்தார்கள். அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவைத்து, வெல்லமும் தேங்காயும் சேர்த்து, கங்கில் இரவு முழுவதும் வேகவைக்கும் 'போட பிட்டா' இங்கே குக்கரில் வெந்தது. ஊரிலிருந்த தாய் கைப்பேசித் திரையில் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தார். பெண்களின் பண்டிகையைப் பெண்களே இல்லாத ஓர் அறையில் ஆண்கள் கொண்டாடினார்கள். நிலத்துக்கு ஓய்வளிக்கும் பண்டிகையை, கடைசல் இயந்திரம் மூன்று ஷிப்டிலும் ஓயாத இடத்தில் கொண்டாடினார்கள். எட்டுப் பேரில் மூவர் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். அவர்களுடைய பங்கு எவர்சில்வர் தட்டால் மூடிவைக்கப்பட்டிருந்தது.

அதே மாதத்தில் டென்மார்க்காரர்களுக்கும் ஒரு கோடைவிழா உண்டு. ஜூன் 23 மாலையில், சாங்த் ஹான்ஸ் என்ற பெயரில், கடற்கரையிலும் ஏரிக்கரையிலும் தீ மூட்டி, வைக்கோலால் செய்த சூனியக்காரியை எரித்து, ஹோல்கர் திராக்மன் 1885இல் எழுதிய பாடலைக் கூடிப் பாடுகிறார்கள். 1770இல் அந்நாட்டு அரசு விடுமுறைப் பட்டியலிலிருந்து அந்நாளை நீக்கிவிட்டது. ஆயினும் தீ அணையவில்லை. பிழைப்புக்காக வேறு நாடுகளுக்குச் சென்ற டேனியர்களும் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கொண்டாடுகிறார்கள். 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியில் அவர்கள் கொடி பறந்தது என்பதால் நமக்கு அவர்கள் முற்றிலும் அந்நியரும் அல்லர். சென்னையில் ஒரு டேனியர் தம் வீட்டுத் தோட்டத்தில் இந்தத் தீயை மூட்டி அழைத்தால் நம்மில் எத்தனை பேர் மறுப்போம்? புகைப்படம் எடுத்துக்கொண்டு வந்து, பண்பாட்டுப் பரிமாற்றம் என்று கட்டுரையும் எழுதுவோம். மண்ணூர்பேட்டை மாடிக்கு வந்ததோ, இரைச்சலாக இருக்கிறது என்ற பக்கத்து வீட்டுப் புகார்தான்.

மொழி வேறு என்பதால் இப்படி என்று சமாதானம் சொல்லமுடியாது. ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கியபின், மத்திய அரசுப் பணியில் பல மாநிலத்தார் வந்து குடியேறினார்கள். அவர்களுடைய ஓணப் பூக்கோலத்தை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பார்த்து வளர்ந்தார்கள். அதை யாரும் தொல்லை என்றதில்லை. நிரந்தரச் சம்பளக்காரர் கொண்டாடினால் பண்பாடு, ஒப்பந்தத் தொழிலாளி கொண்டாடினால் கூச்சல் என்பதுதான் நாம் எழுதிவைக்காத விதி.

பண்டிகையை அறியாதிருப்பதன் விலை சில சமயம் பெரியது. 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழகத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. ஹோலிக்காக ரயில் நிலையங்களில் திரண்டவர்களை, உயிருக்கு அஞ்சித் தப்பியோடுகிறவர்களாகக் காட்டினார்கள். மார்ச் 8 ஹோலி என்பதை அறிந்திருந்தவருக்கு அந்தக் கூட்டத்தின் பொருள் உடனே விளங்கியிருக்கும். அதே ஆண்டு ஜூன் 2 அன்று, சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு ரயில் பாலசோர் அருகே பாஹாநகாவில் விபத்துக்குள்ளாகி 290க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பன்னிரண்டு நாட்கள் கழித்து ரஜ வந்தது. அவ்வாண்டு மண்ணூர்பேட்டை மாடியில் ஊஞ்சல் கட்டவில்லை. ஏன் என்று கீழ்வீட்டார் எவரும் கேட்கவில்லை.

நாங்கள் கேட்பது பெரிய சலுகையன்று. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை விடுமுறை நாட்கள்) சட்டம் நான்கு தேசிய விடுமுறைகளோடு ஐந்து பண்டிகை விடுமுறைகளையும் வழங்குகிறது. அந்த ஐந்து எவை என்பதை முதலாளியையும் தொழிலாளரையும் கலந்து ஆய்வாளர் முடிவு செய்யவேண்டும் என்பது சட்டத்தின் வாசகம். பட்டரவாக்கம் ரயில் நிலையத்தில் காலை ஷிப்டுக்கு இறங்கும் கூட்டத்தின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டவர்கள், 'தொழிலாளர்' என்ற சொல் இன்று யாரைக் குறிக்கிறது என்பதை அறிவார்கள். ஒடியர் மிகுதியாக உள்ள பட்டறையில் ஐந்தில் ஒன்று ரஜ சங்கராந்தியாக இருக்கட்டும். பிகாரிகள் மிகுந்த இடத்தில் சட் பூஜையாக இருக்கட்டும். கலந்து பேசும்போது ஒப்பந்தக்காரரின் ஆட்களையும் அழைத்து உட்காரவைக்கவேண்டும், அவ்வளவே. உற்பத்தி பாதிக்கும் என்பவர்கள், ஹோலிக்கும் சட்டுக்கும் ஆட்கள் சொல்லாமல் ஊருக்குப் போய்விடுவதால் இப்போது நேரும் பாதிப்பையும் கணக்கில் சேர்த்துப் பார்க்கலாம்.

இலக்கிய வாசகர்களாகிய நமக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. ஃபகீர் மோகன் சேனாபதியின் பெயரைச் சொல்லத் தெரிந்தவர்கள் நாம். 1973இல் கோபிநாத் மொஹந்திக்கு ஞானபீடம் கிடைத்ததையும் சொல்வோம். அவருடைய 'பரஜா'வில் கடனுக்குக் கொத்தடிமையாகும் குடும்பத்தை நினைத்து உருகவும் செய்வோம். அந்த நிலத்திலிருந்து வந்தவர் நம் தெருவில் வாடகைக்கு இருக்கும்போது, அவருக்கு எந்த மாதம் பண்டிகை என்று தெரிந்துகொள்ள நாவல் தேவையில்லை. மாடிப்படி ஏறினால் போதும்.

எங்கள் ஜூன் மாதக் கூட்டத்தை இனி ஆனி முதல் நாளுக்கு மாற்றிக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறோம். இடம் அதே மொட்டைமாடி. வருகிறவர்கள் தின்பண்டம் கொண்டுவரவேண்டாம். கயிறு மட்டும் இன்னொன்று தேவைப்படுகிறது. போன முறை கட்டியது பழைய பொட்டலக் கயிறு, எங்களில் கனத்தவர்களை உட்காரவிடவில்லை.